ஏரிப்பக்கம் திரும்பாத தலை

மெரியல் முப்பது வருஷம் புருஷன் எம்லினின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தே வேல்ஸ் முழுவதையும் பார்த்தவள். அவனுக்குக் கண் பார்வை போன பிறகு, அறுபது வயதில் அவளே ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினாள். அவனோ பின்னால் ஏறமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

"லைசென்ஸ் எந்தக் கழுதைக்கும் குடுப்பாங்க. அதுக்கும் மேல ஒரு தேர்வு இருக்குல்ல, அதுல தேறிட்டு வா. ஏறுறேன்."

இரண்டு வருஷமாக அவன் தோட்டத்து கேட்டைத் தாண்டவில்லை.

கைதேர்ந்த ஓட்டுநர்களுக்கான அந்தத் தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்வது எங்கள் பைக் கிளப்பில் என் வேலை. சனிக்கிழமை காலைகளில் அவள் முன்னால் போவாள், நான் என் வண்டியில் பின்தொடர்வேன். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும்; ரேடியோ வழியாக என் ஹெல்மெட்டுக்குள் அது கேட்கும்.

"வளைவு இறுகுது. வேலிக்கு அந்தப்பக்கம் டிராக்டர். ரோட்டுல சாணி."

பனி கலையாத மலைப்பாதையில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே போவது அரைத்தூக்கத்தில் மிதப்பது போல இருக்கும். சொல்லிக்கொடுக்க வந்தவன் என்பதே மறந்துவிடும்.

ஏரி வந்தால்தான் கெட்டது. அணையைத் தாண்டியதும் குரல் நின்றுபோகும். தலை இடப்பக்கம் திரும்பும். வண்டியும் மெல்ல அங்கேயே ஒதுங்கும். பின்சீட்டிலேயே காலம் தள்ளியவர்களுக்கு வரும் வியாதி இது. பார்க்கிற பக்கம்தான் பைக் போகும்.

"வேடிக்கை பாக்கவா வந்த?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"தண்ணி இன்னிக்கு வெள்ளியாக் கெடக்கு, கெரைன்ட். அவன்கிட்ட போய்ச் சொல்லணும்ல."



தேர்வுக்கும் அதே பாதைதான் அமைந்தது. நான் டீக்கடையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தேர்வு நடத்தியவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். சிரிக்கத் தெரியாத முகம்.

"ஏரிகிட்ட உங்க குரல் நடுங்குச்சு. தலை மட்டும் திரும்பல. தேறிட்டீங்க" என்று திரும்பி வந்ததும் மெரியலிடம் சொன்னார்.

வீட்டுக்கு நானும் கூடவே போனேன். எம்லின் கேட்டருகில் நின்றிருந்தான். மெரியல் அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

"தேறிட்டேன். ஆனா இன்னிக்குத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னே தெரியல."

அவன் உள்ளே போய், தடவித் தடவிப் பழைய ஹெல்மெட்டை எடுத்து வந்தான். அவள் தோளைப் பிடித்துப் பின்சீட்டில் ஏறினான்.

"கெளம்பு. நீ ரோட்டப் பாரு. ஏரியப் பாக்குற வேலைய இனி என்கிட்ட விடு."