நான்காவது கட்டத்தில் 'நார்மல்'

1. காலை 8.40. கிளினிக் கதவைப் பாதி திறந்திருந்தேன். தனபாலன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக் குனிந்தபடி உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி சரசு அக்கா, கையில் எம்சி எனும் மருத்துவ விடுப்புத் தாள்கள் அடங்கிய பிளாஸ்டிக் பை. எங்களிடம் அவருக்கு இது நான்காவது வருகை.

2. காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. வயிறு பலகை மாதிரி இறுகியிருக்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் அக்குபங்சர் ஊசியைத் தொடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன்.

3. எடை 51.2 கிலோ. முதல் வருகையில் 54. அதற்கு முந்தைய வருடம் மில்லில் எடுத்த மெடிக்கலில் 64.

4. மல்லாந்து படுத்தால் அவருக்கு வலி முதுகுவரை ஏறும். நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் தலையணை போட்டு அதில் சாயச் சொன்னேன். மெலிந்த வயிறு என்பதால் வயிற்றில் குத்தவில்லை. மணிக்கட்டுகளில் இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. இருபது நிமிடத்தில் தோள்கள் தளர்ந்தன.

5. ஊசிகளை எடுத்ததும் அவர் சொன்னார்: "நான் குடிக்கறதில்லன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. திங்கக்கெழம மானேஜர் கூப்பிட்டிருக்காரு."

6. எழுதுவதற்காக அவர் பைலைத் திறந்தேன். நான்காவது கேள்விக்கான கட்டத்தில் மூன்று வருகைக்கும் 'நார்மல்' என்று இருந்தது.

7. அந்த மூன்றும் என் கையெழுத்து. அந்தக் கேள்வியை நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பத்துக் கேள்விகள்

சீன மருத்துவம் படித்து முடித்து இப்போது வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் மலேசியாவின் உலு யாமில் பிறந்தவள். சீனப் பள்ளியில் படித்ததால் பாடம் கஷ்டமாக இல்லை. படிப்பு முடிந்ததும் கோல சிலாங்கூரில் மேடம் சியா நடத்தும் கிளினிக்கில் சேர்ந்தேன். நான் வந்த பிறகு எஸ்டேட்களிலிருந்தும் மில்களிலிருந்தும் தமிழர்கள் வரத் தொடங்கினார்கள்.

புதிய நோயாளியிடம் பத்து விஷயங்கள் கேட்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பழைய ஒழுங்கு. குளிரா சூடா, வியர்வை, தலையும் உடம்பும், அப்புறம் மலமும் சிறுநீரும். நான்காவது அதுதான். வயதான சீன ஆயாக்களிடம் அதைக் கேட்டால் கால் மணி நேரம் விவரமாகச் சொல்வார்கள். நிறம், நேரம், எல்லாம்.

தமிழ் ஆண்களிடம் என்னால் கேட்க முடியவில்லை. அண்ணன் என்று கூப்பிட்ட வாயால் அதை எப்படிக் கேட்பது? மூன்றாவது கேள்வியிலிருந்து நேராக "பசியாறிட்டீங்களா, சாப்பாடு எறங்குதா" என்று ஐந்தாவதற்குத் தாவிவிடுவேன். நடுவில் பேனா தானாக 'நார்மல்' என்று எழுதிவிடும்.

தனபாலன் அண்ணனின் அந்த நான்காவது வருகைக்கு ஒரு வாரம் முன்னால் மேடம் சியா பைல்களைப் புரட்டிக்கொண்டே மலாயில் கேட்டார்: "உன் தமிழாளுங்க எல்லாருக்கும் வயிறு இவ்வளவு நல்லா இருக்கே, ரகசியம் என்ன? சீனனுக்குத்தான் எல்லாப் பிரச்சினையுமா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தண்ணீரின் மேல்

தனபாலன் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாமாயில் பிழியும் செம்பனை எண்ணெய் மில்லில் கிளாரிபிகேஷன் ஆப்பரேட்டர். பிழிந்த சாற்றைத் தொட்டியில் நிற்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயைத் தனியாக எடுக்கும் இடம் அது. சில வருடங்களுக்கு முன் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துக் குடித்துக் கணையம் வீங்கி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டாவது தடவைக்குப் பிறகு குடியை விட்டுவிட்டார். விட்டு இரண்டு வருடமாகியும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ஷிப்டில் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஆள் மறைத்துக் குடிக்கிறான்.

"மண்டோர் ராஜு தெனம் கேக்குறான்மா," என்றார் அண்ணன், தன் மேஸ்திரியைப் பற்றி. "தனபாலு, இன்னிக்கு எந்தக் கட லா? நேத்து வாங்குன எடத்துலயேவா? அப்படிங்கறான். எல்லாம் சிரிக்கறானுங்க."

சரசு அக்கா குறுக்கே வந்தார். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். வேலைய விட்டு எடுத்தா மில் குவார்ட்டர்ஸ் வீட்டயும் காலி பண்ணணும் தங்கச்சி. பெரியவ கடைசி வருசம் படிக்கிறா. எங்க போய் நிக்கறது?"

அவர் குடிக்கவில்லை என்று எழுத என்னால் முடியாது. நான் அவர் வீட்டில் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டுமே எழுத முடியும். அந்தப் பைலிலோ தெரியாததைத் தெரிந்ததாக மூன்று முறை எழுதி வைத்திருந்தேன்.

பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன். "அண்ணே, வெளிக்குப் போறது எப்படி இருக்கு?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அது எதுக்கும்மா?"

"வேணும்ண்ணே. தண்ணியில மூழ்குதா, மிதக்குதா?"

அவர் மெஷினைப் பற்றி ரிப்போர்ட் சொல்கிற குரலில் சொன்னார்: "மெதக்குது. வெளுத்த கலரு. தண்ணி மேல எண்ணெய் படலமா நிக்குது. எங்க டாங்க்ல மேல நிக்குமே, அதே மாதிரி. ரெண்டு தடவ இழுத்து வுட்டாலும் போவாது."

"அடப் பாவி மனுசா!" என்றார் சரசு அக்கா. "கக்கூசத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை தேஞ்சு போச்சு. எண்ணெயக் கொண்டாந்து ஊத்துனீங்களான்னு எத்தன தடவ கேட்டேன்? வாயத் தொறந்தாரா பாரு."

"எத்தனை மாசமாண்ணே?"

"தீவாளிக்கு முன்னாடியிலேருந்து."

"ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

"வயித்துப்போக்கு இருக்கான்னு கேட்டாங்க. தண்ணியாப் போவலயே. இல்லன்னேன்."

அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறார்.

நான் விளக்கினேன். கணையம் ஒரு சாறு சுரக்கும். அந்தச் சாறுதான் சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பை உடைத்து உடம்பு எடுத்துக்கொள்கிற மாதிரி ஆக்கும். வீங்கி வீங்கித் தழும்பாகிப்போன கணையம் போதுமான சாறு தராமல் இருக்கலாம். அப்போது சாப்பிடுகிற கொழுப்பு உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும்.

அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப ஆயில் லாஸ்னு சொல்லு."

மில்லில் ஒவ்வொரு ஷிப்டிலும் லேப் ஆட்கள் கழிவில் எவ்வளவு எண்ணெய் வீணாகப் போகிறது என்று அளப்பார்களாம். அதற்குப் பெயர் ஆயில் லாஸ். அளவு கூடினால் ஆப்பரேட்டருக்குத் திட்டு விழும். "முப்பது வருசமா மில்லுக்கு ஆயில் லாஸ் பாத்தவன், எனக்குப் பாக்கலையே," என்றார். அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

கடிதம்

மேடம் சியாவிடம் போய், நடந்ததையும் நான் செய்த தவறையும் சொன்னேன். அவர் பைலை வாங்கிப் பார்த்து, மூன்று 'நார்மல்'களையும் நகத்தால் தட்டினார். "இதைக் கிழிக்காதே. கோடு போட்டு அடி. பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வை," என்றார். அவ்வளவுதான் திட்டு. அதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

பிறகு ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ஏழு வரிகள். பழைய அட்மிஷன்கள், எடை எப்படி இறங்கியது, வலியின் தன்மை, மலத்தின் விவரம், எப்போதிலிருந்து, நாங்கள் செய்த ஊசி சிகிச்சை, கணையச் சாறு குறைவா என்று பரிசோதிக்கும்படி வேண்டுகோள். கஷாயம் எதுவும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தேன். பரிசோதனைக்குப் போகிறவருக்கு மூலிகை கொடுத்துக் குழப்ப வேண்டாம் என்று மேடம் சியாவும் நானும் முடிவு செய்திருந்தோம்.

அதன் நகலைத்தான் திங்கட்கிழமை அண்ணன் மானேஜரிடம் நீட்டினார். அவர் இரண்டு தடவை படித்தாராம். "குடியைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல. ஆனா பதிமூணு கிலோன்னு இருக்கு. ஆஸ்பத்திரி ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் லைட் டூட்டி," என்றாராம்.

ரிசல்ட் வந்தது. சாறு மிகக் குறைவு. ஸ்கேனில் கணையம் முழுக்கத் தழும்பு. குடியை நிறுத்திய பிறகும் பழைய சேதம் இப்படித் தொடரலாம் என்று டாக்டரே மானேஜருக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சாற்றுக்குப் பதிலாக வேலை செய்யும் என்சைம் கேப்சூல் கிடைத்தது. கிளினிக்கில் அன்று நான் மேசையைத் தட்டிக் கொண்டாடினேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் தராசில் ஏறினார். 50.6.

ஸ்டீம் விடும் நேரம்

கேப்சூல் வேலை செய்யவில்லை என்றால் கடிதம் எழுதிய நானும் பொய்யாகிவிடுவேன். லைட் டூட்டி என்றைக்கும் நீடிக்காது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கேப்சூலைப் பற்றிய கேள்விகளை வரிசையாக எழுதி, ஒன்றையும் தாவாமல் கேட்டேன். மூன்றாவதிலேயே அகப்பட்டது.

"கேப்சூல் எப்பண்ணே போடறீங்க?"

"காலையில எந்திரிச்ச ஒடனே. மூணு வேளைக்கும் சேத்து ஒரே வாயில."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா?"

"அஞ்சு மணிக்கு எவன்மா சாப்புடுவான்? தேத்தண்ணிதான். மில்லுல வெச்சு முழுங்குனா ராஜு வேற பேசுவான். இதுக்கு மாத்திர வேறயான்னு."

சாப்பாடு வயிற்றில் இருக்கும்போதுதான் அந்தக் கேப்சூலுக்கு வேலை. முதல் வாயோடு போட்டு, நடுவிலும் போட வேண்டும் என்றேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பழமே ஏத்தாத ஸ்டெரிலைசருக்கு ஸ்டீம் வுட்டிருக்கேன் பாரு." மில்லில் பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் பெரிய கலன் அது.

"இனிமே ராஜு முன்னாடியே போடுங்க."

"கேட்டா?"

"ஆயில் லாஸ் மருந்துன்னு சொல்லுங்க."

மறுநாளிலிருந்து சரசு அக்கா சாப்பாட்டு டப்பாவின் மூடிமேலேயே கேப்சூலை டேப் போட்டு ஒட்டி அனுப்பினார். அதைக் கழற்றாமல் மூடியைத் திறக்க முடியாது. ராஜு கேட்டிருக்கிறார். அண்ணன் சொல்லியிருக்கிறார். தொட்டியில் மிதப்பது முதல் கக்கூஸ் வரைக்கும், ஒன்றையும் விடாமல். சாப்பாட்டு மேசையில் இருந்த நான்கு பேர் எழுந்து போய்விட்டார்களாம். ராஜு மட்டும் எழவில்லையாம்.

நான் வாரம் ஒருமுறை ஊசி போட்டேன். ஊசி கணையத்தைத் திரும்பக் கொண்டுவரும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அது அவருக்கு வலியைக் குறைத்தது. வலி குறைந்ததால் பயமில்லாமல் சாப்பிட்டார். கேப்சூல் அந்தச் சாப்பாட்டை உடம்பில் சேர்த்தது. மூன்றும் சேர்ந்தபோது தராசு ஏறியது. 51.8. 53. 54.5.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. பின்னால் மில் இரைச்சல். அறியாத குரல், சீன வைத்தியரைக் கூப்பிடும் பெயரில் என்னைக் கூப்பிட்டது.

"சின்சே தங்கச்சியா? நான் மண்டோர் ராஜு. ஸ்டோர்ல ஒரம் நிறுக்கற தராசுல ஆள ஏத்தியிருக்கேன். அறுவது! பூட்ஸோட இல்லம்மா, கழட்டிட்டுத்தான்!"

பின்னால் நாலைந்து பேர் கைதட்டுவது கேட்டது. "கேப்சூல் போட்டியான்னு தெனம் கேக்கறதே நாந்தான். அதையும் எழுதிக்க," என்றார். எழுதிக்கொண்டேன். பைலில் இருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கேட்காத கேள்விக்கு 'நார்மல்' என்று எழுதாதீர்கள். கூச்சமாக இருந்தால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்க்கிற அடுத்தவர் கேட்பார். 'நார்மல்' என்று எழுதிவிட்டால் யாருமே கேட்க மாட்டார்கள்.

இன்றைய நிலை: தனபாலன் அண்ணனின் எடை 61.4. சாப்பாடுதோறும் கேப்சூல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, கணையம் கெட்டால் சர்க்கரை நோய் வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் சர்க்கரை பரிசோதனை. கணையம் ஆறவில்லை, ஆறாது. அவர் பழைய கிளாரிபிகேஷன் ஸ்டேஷனிலேயே முழு ஷிப்ட் வேலை செய்கிறார். குடும்பம் அதே குவார்ட்டர்ஸில் இருக்கிறது. எங்கள் நோயாளிப் படிவத்தில் நான்காவது கட்டத்துக்குக் கீழே இப்போது தமிழில் ஐந்து கேள்விகள் அச்சடித்திருக்கிறோம். அவற்றில் முதலாவது: தண்ணீரில் மூழ்குகிறதா, மிதக்கிறதா?