நாட்டை ஒன்றாக்கியவரின் படம்

மழைக்கு ஒதுங்கி, வெம்பிளியில் ஓர் இத்தாலியக் காபிக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் வட்டக் கண்ணாடி அணிந்த பருத்த மனிதரின் படம். சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்கி, அதன் முதல் பிரதமராகிச் சில மாதங்களிலேயே இறந்துபோனவர். அங்கே ஊருக்கு ஊர் அவர் பெயரில் தெரு உண்டு.

அந்தப் படத்தின் முன்னால்தான் சண்டை. கடை முதலாளி வடக்கு இத்தாலிக்காரர். எதிரே தெற்கிலிருந்து வந்த கிழவர் ஒருவர். இருவரும் முகத்துக்கு முகம் நின்று கத்துகிறார்கள். கிழவர் படத்தை நோக்கிக் கைத்தடியை ஓங்குகிறார்.

காபி போடும் யாழ்ப்பாணத்துக்காரர் ஓடிவந்து தடியைப் பிடிக்கிறார். கிழவர் திமிறவில்லை, அழுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர் அவரைப் படம் கண்ணில் படாதபடி திருப்பி உட்காரவைக்கிறார்.

"என்ன பிரச்சினைண்ணா?" என்று கேட்கிறேன்.

"முதலாளிக்குப் படத்தில இருக்கிறவர் நாட்டை ஒண்டாக்கின தெய்வம், தம்பி. ஒண்டாக்க வந்த ஆமி தன்ர பூட்டன்ர ஊரை எரிச்சதெண்டு ஐயா சொல்லுறார்."

"யார் சொல்றது சரி?"

"ரெண்டும் நடந்ததுதான்."

"அப்ப படத்தைக் கழட்டிடலாமே?"

"முதலாளி விடமாட்டார்." தடியைத் தன் மார்போடு பிடித்தபடியே குரலைத் தாழ்த்துகிறார். "எங்கட வீட்டை எரிச்ச ஆக்களுக்கும் எங்கயோ படம் தொங்குது. நான் ஒரு நாளும் தடி ஓங்கேல்லை."

தடியைக் கிழவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, காபி இயந்திரத்தின் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.