ஊமை டிவிக்குக் குரல் கொடுத்தவள்

மரிய கொறற்றிக்கு ஊரிலுள்ள எல்லார் குரலும் வரும். இரத்தோட்டை பஸ் கண்டக்டர் மூக்கால் பேசுவதும், பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் தும்மலை அடக்குவதும் அவள் வாயில் அச்சாக வரும். அக்கா டொறீனை மட்டும் அவள் யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை. டொறீன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம். எப்போதாவது அங்கிருந்து டெலிபோன் எடுத்துப் பேசுவாள். பேச்சு குறைவாகவும் விம்மல் அதிகமாகவும் கேட்கும்.

2007இல் கொறற்றி மாத்தளை டவுனில் நுஹ்மானின் கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தாள். முன்னால் டெலிபோன், போட்டோகொப்பி மெஷின். திரைச்சீலைக்குப் பின்னால் பையன்கள் கேம் விளையாட மூன்று டிவி. நேரம் முடிந்தால் எழுப்பிவிடுவது அவள் பொறுப்பு. அவள் குரலுக்கு ஒருவனும் அசையமாட்டான். நுஹ்மான் குரலில் ஒரு செருமல் செருமினால் அத்தனை பேரும் எழும்பி நிற்பார்கள்.

அந்த வேலை இருக்கும்வரை அவளையும் குவைத்துக்கு அனுப்பும் பேச்சை எடுப்பதில்லை என்று அம்மா தெரேசா சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட் மட்டும் மாதா படத்துக்குப் பின்னால் தயாராக இருந்தது.

ஒருநாள் மூன்றாவது டிவியின் ஸ்பீக்கர் செத்துப்போனது. புதிது போட நுஹ்மானுக்கு மனசில்லை. ஊமை டிவியின் முன்னால் உட்கார பையன்களுக்கும் மனசில்லை. கொறற்றி கதிரைக்குப் பின்னால் நின்று, அடிக்கு அடி சத்தம் போட ஆரம்பித்தாள்.

அது சண்டைக் கேம். எட்டுப் பேரில் ஏழு பேர் ஆண்கள். அவர்களுக்குப் பூட்ஸ், கவசம், இரும்புத் தொப்பி எல்லாம் உண்டு. மிச்சமிருந்த ஒருத்திக்குத் தைத்த துணியில் முகம் துடைக்க ஒரு லேஞ்சி தைத்தாலும் பத்தாது. ஆண்கள் அடிபட்டால் உறுமுவார்கள். அவள் அடிபட்டால் இழுத்து அலறுவாள். பையன்கள் அவளுக்கு, தங்கச்சிக்குச் சிங்களத்தில் சொல்லும் நங்கி என்ற பெயரை வைத்து, அந்த அலறலைக் கேட்பதற்காகவே மாறி மாறி அடித்தார்கள்.

கொறற்றிக்கு அந்த அலறல் பிடிக்கவில்லை. உதை விழுந்ததும் நங்கிக்கு அம்மாவின் குரலைக் கொடுத்தாள், மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் கேட்கும் குரலை.

"தராசுல கைய வைக்காதீங்க கணக்கப்பிள்ள! இன்னும் எத்தன கிலோதான் கழிப்பீங்க?"

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்ற டிவிகளை விட்டுவிட்டு மூன்றாவதுக்கு வரிசையில் நின்றார்கள். சில நாள் போனதும் சிரிப்பு தேய்ந்தது. எப்போதும் ஜெயிக்கும் ஸக்கரியா, இந்த ஏச்சில் கை தடுமாறித் தோற்றுப்போய், கொன்ட்ரோலரை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"அவ அப்பிடிப் பேசமாட்டா அக்கா. கத்தத்தான் செய்வா."

நுஹ்மானும் அதையே பதமாகச் சொன்னான். ஏச்சு நல்லாத்தான் இருக்கு, ஆனால் இவனுகள் வருவது அந்தச் சத்தத்துக்கு. சீடியில் இருப்பதுபோலவே போட்டால் போதும் என்றான். கொறற்றி மாதா படத்தை நினைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அலறினாள்.

நுஹ்மான் அஸர் தொழப் போயிருந்த ஒரு பின்னேரம் திரைச்சீலை விலகியது. யுத்தகாலச் சோதனைக்காகத் தெருவில் நின்ற ஆமிக்காரர் இரண்டு பேர் துப்பாக்கியோடு உள்ளே வந்தார்கள். இங்கே கத்திய பெண் யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவளுடைய அடையாள அட்டையை, ஐசியை, வாங்கித் தமிழ்ப் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் இரண்டு முறை படித்தார்கள். கேமுக்குப் போட்ட சத்தம் என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். இருவரில் பெரியவர் நம்பவில்லை. டிவியைப் பார்த்தார். ஆட ஆளில்லாமல் நங்கி நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருந்தாள். செய்து காட்டச் சொன்னார்.

கொறற்றி அலறினாள். அவர் சிரித்தார்.

"ஆயெத்," என்றார். இன்னொரு முறை.

அலறினாள். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். வாசலில் சனம் சேர்ந்துவிட்டது.

"ஆயெத்."

மூன்றாவது முறை வந்தது நங்கியின் குரல் அல்ல. டெலிபோனில் கேட்கும் டொறீனின் குரல். அது வரும் என்று கொறற்றியே எதிர்பார்க்கவில்லை. அவர் சிரிப்பதை நிறுத்தி, ஐசியை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கதை அவளுக்கு முன்னமே இரத்தோட்டை பஸ்ஸில் ஏறியிருந்தது. அவள் ஏறியதும் பின்சீட்டில் யாரோ மெதுவாக அலறிக் காட்டினார்கள். திரைக்குப் பின்னால் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவரும் கேட்கவில்லை. ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

மறுநாள் நுஹ்மான் அதுவரைக்குமான சம்பளத்தை எண்ணி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"தங்கச்சி ஒரு பிழையும் செய்யல்ல. ஆனா கடைக்கு ஒரு பேர் ஈக்கிதானே."

"எனக்கும் ஒண்ணு இருந்திச்சு, நானா."

அம்மா ஏசவில்லை. தராசடியில் அத்தனை பேச்சுப் பேசுகிறவள், மாதா படத்தைத் தூக்கிப் பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்தாள்.

குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போகும் நாளில் அம்மாவும் கொறற்றியும் கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றார்கள். உள்ளேயிருந்து அலறல் வந்தது. ஸ்பீக்கர் இன்னும் போடவில்லை. ஸக்கரியா தொண்டையை ஒடுக்கிக் கொறற்றியைப்போல அலறிக்கொண்டிருந்தான். மூன்றாவது அலறலைக்கூடப் பழகி வைத்திருந்தான். சந்தியில் நின்ற அதே ஆமிக்காரர் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பொடியனுடைய சத்தம் என்று தெரிந்ததும் மறுபடியும் கடலையைக் கொறித்தார்கள்.

தராசு ஏச்சையும் ஒரு தடவை போடுவானா என்று கொறற்றி காதைக் கொடுத்து நின்றாள். பஸ் வரும்வரை அவன் அலறல் மட்டும்தான் போட்டான்.