பந்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்களில், கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பட்டறையில் நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தேன். அதிகாரி என்றால் எனக்குக் கீழே யாரும் கிடையாது. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர், அதோடு முதலாளி ஆசைப்பட்டு வாங்கிப்போட்ட அளவெடுக்கும் கை. மனுசக் கை மாதிரியே தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாக மடங்கும். நுனியில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புக் குண்டு. அதால் இரும்பில் அங்கங்கே தொட்டால், துளையின் விட்டம் எவ்வளவு என்று சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

இதற்காகக் கோயம்புத்தூரில் எனக்கு மூன்று நாள் பயிற்சி. அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சமல்ல. சட்டைப் பையில் பேனா இரண்டாகிவிட்டது. யாராவது பக்கத்தில் வந்தால், தேவையே இல்லாமல் திரையில் உருவத்தைச் சுற்றவிடுவேன்.

பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேஜையில் ஒரு எஃகுப் பந்து பொருத்தியிருக்கும். தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பந்தை நுனியால் நாலாபக்கமும் தொட வேண்டும். பந்தின் அளவு சாஃப்ட்வேருக்கு ஏற்கெனவே தெரியும். அதை வைத்துத் தன் நுனியின் அளவை அது தெரிந்துகொள்ளும். நுனியின் அளவு தப்பினால் அன்றைக்கு அளப்பதெல்லாம் தப்பு. நானும் தினமும் தவறாமல் தொட்டேன். அதில் குறை சொல்ல முடியாது.

எங்கள் பட்டறையில் பஞ்சாலை இயந்திரங்களுக்கான கியர் பெட்டிகளைத் துளை குடைந்து அனுப்புவோம். குடைகிறவர் ஒருவர்தான். பதினைந்து வருடமாக அதே மெஷினில் நிற்கிறவர். நாகலாபுரம் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை சார் என்பார். அந்த சாரில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எந்தக் கையாலும் அளக்க முடியாது.

அந்த ஐப்பசியில் வினோதமாக ஒன்று நடந்தது. திங்கள் முதல் வியாழன் வரை அவர் குடைந்த துளைகள் எல்லாம் சரியாக இருந்தன. வெள்ளியும் சனியும் குடைந்தவை மட்டும் தலைமுடிப் பருமன் பெரிதாக இருந்தன. பெரிதாகிவிட்ட துளையை ஒன்றும் செய்ய முடியாது, பெட்டி பழைய இரும்புக்குத்தான் போகும். மூன்று வாரம் இப்படியே வந்தது.

நான் துப்பறிய ஆரம்பித்தேன். மழை பெய்துவிட்டது, விதைப்பு நேரம், வெள்ளிக்கிழமையே அண்ணாச்சியின் மனசு கரிசலுக்குப் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நின்றேனா? கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டேன். நல்ல நாளுக்குப் பச்சைக் கோடு, கெட்ட நாளுக்குச் சிவப்புக் கோடு. அதை அவர் மெஷினுக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டினேன்.

முதலாளி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "திங்கக்கிழமையிலருந்து அவரைப் பிசிறு தட்டுத மேசைக்கு மாத்திருவோம். மெஷினுக்கு வேற ஆள் பாக்கணும்" என்றார். பதினைந்து வருடம் துளை குடைந்தவரை அரத்தைக் கொடுத்து ஓரத்தில் உட்காரவைக்கிற ஏற்பாடு அது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி ஒரு பெட்டியைத் தூக்கி வந்து என் மேஜையில் வைத்தார்.

"சார், இதைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

அளந்தேன். துளை பெரிது. "பாத்தீங்களா அண்ணாச்சி" என்றேன்.

"பாத்தேன். இது வியாழக்கிழமை நீங்களே பாஸ் போட்ட பெட்டி. அங்கன உங்க கையெழுத்து இருக்கு."

இருந்தது. வெயிலில் இரும்பு விரிந்திருக்கும் என்றேன். வெளியே மூன்று நாளாக வெயிலே இல்லை. அவர் குனிந்து எஃகுப் பந்தைப் பார்த்தார்.

"இது என்ன சார், மஞ்சளா?"

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறையில் பூசை நடக்கும். மற்றவர்கள் மெஷினின் நெற்றியிலோ சுவிட்சுப் பெட்டியிலோ சந்தனம் வைப்பார்கள். எனக்கு மட்டும் அந்தப் பந்து உருண்டையாக, பளபளவென்று, சாமி மாதிரியே தெரிந்தது. அந்த ஐப்பசி முதல் வெள்ளிதோறும் பக்தியோடு மேலே ஒரு பொட்டு வைத்தேன். சந்தனம் காயட்டும் என்று காத்திருந்து, விரலால் பட்டும் படாமலும் துடைத்துவிட்டு, அதன் மேலேயே நுனியை வைத்துத் தொட்டேன். காய்ந்த சந்தனத்தையும் சேர்த்து அளந்த சாஃப்ட்வேர், தன் நுனி பெரிது என்று நம்பியது. அப்புறம் துளைகள் எப்படிப் பெரிதாகாமல் இருக்கும்? திங்கட்கிழமை ஸ்பிரிட் போட்டு மேஜையைத் துடைக்கும்போது எல்லாம் சரியாகிவிடும்.

சாஃப்ட்வேர் எச்சரிக்காமல் இல்லை. முதல் வெள்ளிக்கிழமையே சிவப்பில் கத்தியது. எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம் என்ற எண்ணைக் கூட்டிவைத்தேன். உடனே பச்சையாகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பந்தைச் சுத்தமாகத் துடைத்து, கூட்டிவைத்த பிழை அளவையும் பழையபடி குறைத்து, திரும்பத் தொட்டு, ஒதுக்கிவைத்த பெட்டிகளை எல்லாம் அளந்தேன். ஒன்றில்கூடக் குறை இல்லை. சாயங்காலம் முதலாளியிடம் போய், "சாஃப்ட்வேர்ல ஒரு சின்னப் பிரச்சினை, சரி பண்ணிட்டேன்" என்றேன். "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று அவர் என்னைப் பாராட்டவே செய்தார். மெஷினுக்கு வேறு ஆள் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது. அண்ணாச்சி அங்கேதான் நின்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை பூசையில் அவரே சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக வந்தார். என் மேஜைக்கு வந்ததும் நின்றார்.

"இங்கன எதுல வைக்கட்டும் சார்?"

முதலாளி உட்பட எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுவிட்சுப் பெட்டியில வைங்க அண்ணாச்சி" என்றேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பந்துல வச்சது நான்தான். துளை பெரிசானது அதாலதான். சாஃப்ட்வேர் மேல தப்பில்ல, உங்க மேலயும் இல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். அப்புறம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரைபடம் இன்னும் அங்கேயே இருந்தது. ஒரு வாரமாக அந்த மனுசர் என் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டேதான் துளை குடைந்திருக்கிறார். ஓடிப்போய்ப் பிய்த்தேன். கசக்கப் போன கையை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"கசக்காதீங்க. பின்பக்கம் வெள்ளையாத்தான கிடக்கு. சந்தனம் எங்கன வைக்கக் கூடாதுன்னு எழுதி உங்க மேசைக்கு மேல ஒட்டுங்க."

எழுதி ஒட்டினேன். அங்கே வேலையை விடும்வரை தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் பந்தைத் தொட்டேன்.