பூவில் விற்ற தோப்பு

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பதவி மேல்தான் ஆசை இருந்தது. ஓசூரில் நான் குடியிருந்த வார்டுக்குக் கவுன்சிலர் ஆவது. அதற்கு மேல் ஆசைப்பட எனக்கு உடம்பில் தெம்பும் இல்லை, வேட்டியில் கட்சிக் கரையும் இல்லை. தெருவில் நாலு பேர் "கவுன்சிலரே" என்று கூப்பிட வேண்டும், நான் காது கேட்காதவன் போல நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் கனவு. அதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் கரியமில வாயு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் அரசியலைச் சொல்லிவிட வேண்டும். நான் பழமைவாதி. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் சிவப்பு யூனியன் தோழர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் மறுத்ததில்லை. அரசாங்கம் எங்கெல்லாம் கையை வைக்காமல் இருக்க முடியுமோ அங்கெல்லாம் வைக்காமல் இருக்கட்டும். சொத்து உள்ளவன் அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளட்டும். முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனதைக் கெடுக்காமல் பின்னால் வருகிறவர்களிடம் கொடுக்கட்டும். எழுபதுகளில் கல்யாணத்துக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் தாலுகா ஆபீசில் பர்மிட் வாங்க வேண்டும். என் கல்யாணத்துக்குக் கேட்ட சர்க்கரை, என் மூத்த மகளுக்குப் பெயர் வைத்த அன்று வந்து சேர்ந்தது. மற்றவர்கள் புத்தகம் படித்துக் கொள்கைக்கு வருவார்கள். நான் வெல்லப் பாயசம் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பாயசத்தைக் காய்ச்சியவர் என் மாமா. அம்மாவின் தம்பி, எனக்குப் பெண் கொடுத்தவர். கல்யாணத்துக்கு முன்பு என்னை "டேய்" என்று கூப்பிட்டவர், தாலி கட்டிய மறுநிமிஷம் "வாங்க மாப்ளே" என்று மாறினார். அவருக்குக் கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் பரம்பரை மாந்தோப்பு. வீடு ஓசூரில். பாகலூர் ரோட்டில் ஒரு பம்ப்செட் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தலைமையில் நாங்கள் அரசியல் பேசக் கூடுவோம். கடைக்காரர், கோயமுத்தூரிலிருந்து வந்து லேத் பட்டறை வைத்திருந்தவர், இன்னும் சில வியாபாரிகள், நான். நான் ஒருவன்தான் சம்பளக்காரன். சொந்தத் தொழில் இல்லாமல் சொந்தத் தொழிலின் மகிமையைப் பேச ஒரு ஆள் எந்தக் கூட்டத்துக்கும் தேவை.

மாமா பேசினால் தோப்பை வைத்துத்தான் பேசுவார். எங்கள் பக்கத்தில் மாந்தோப்பை இரண்டு விதமாக விற்பார்கள். தை, மாசியில் பூ பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து பார்த்து விலை பேசி எடுத்துக்கொள்வான். அதன் பிறகு மழை அடித்தாலும் வெயில் கருக்கினாலும் நஷ்டம் அவனுக்கு. இல்லாவிட்டால், தோப்புக்காரரே பொறுத்திருந்து, காய் திரண்ட பிறகு விற்கலாம். அதில் நஷ்டம் வந்தால் அவருக்கு, லாபமும் அவருக்கு.

"மழை, வெயில், பூச்சி எல்லாத்தையும் தலையிலே தாங்கிட்டு, காயைப் பார்த்து விக்கிறவன்தான் முதலாளி," என்பார் மாமா. "பூவிலே விக்கிறவன் யாரு? அவனும் கூலிக்காரன்தான். என்ன, கூலியை முன்கூட்டியே வாங்கறான்."

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். கையில் ஒரு மாமரம்கூட இல்லாதவனுக்குத்தான் அப்படிப் புல்லரிக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பத்து வருஷமாக நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் நடக்கப்போகிறது என்ற பேச்சு வந்தது. எங்கள் கூட்டத்தின் சார்பில் சுயேச்சையாக ஒருவரை நிறுத்துவது என்று மாமா முடிவு செய்தார். அந்த ஒருவர் நான்தான் என்பது பேசாமலே புரிந்த விஷயமாக இருந்தது. என் மனைவிக்குக்கூடத் தெரியும். அவள் எனக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தாள்.

இங்கேதான் நான் வைத்து வேலை பார்த்த பெட்டி வருகிறது. கியர் செய்கிற தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் நான் மேற்பார்வையாளன். கியரை உலையில் வைத்து, கரி கலந்த வாயுவைச் செலுத்தி, அதன் மேல்தோலைக் கடினமாக்குவது எங்கள் வேலை. உலைக்குள் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஒரு பெட்டி உண்டு. ஒரு முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை விடும். நடுவில் உலையின் வாயு. கரியமில வாயு அந்தக் கதிரைப் பிடித்து விழுங்கிவிடும். மறுமுனைக்கு வந்து சேர்ந்த மிச்சத்தைப் பார்த்து, முள் கணக்குச் சொல்லும். அந்த முள்ளை நம்பித்தான் நாங்கள் கியர் அனுப்பினோம், லாரிகள் மலை ஏறின.

தென்னமெரிக்காவில் உலகத் தலைவர்கள் எல்லாம் கூடிச் சுற்றுச்சூழல் பற்றிப் பேசி, படம் எடுத்துக்கொண்டு கலைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தொழிற்சாலை நூலகத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். எரிக்கிற நிலக்கரியும் பெட்ரோலும் காற்றில் இந்த வாயுவைச் சேர்த்துக்கொண்டே போகின்றன, பூமியிலிருந்து வெளியே போக வேண்டிய வெப்பக் கதிரை அது பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் பூமி சூடேறுகிறது என்று எழுதியிருந்தது. நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. அது என் பெட்டி. அதை மறுத்தால் நான் அதுவரை அனுப்பிய கியரெல்லாம் பொய்யாகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏதோ நல்ல செய்தி கொண்டுபோகிறவன் போலக் கூட்டத்தில் சொன்னேன்.

மாமா முழுவதும் கேட்டார். "இதை யார் சொல்றாங்க மாப்ளே?"

"விஞ்ஞானிங்க மாமா."

"அவங்களுக்குச் சம்பளம் யார் குடுக்கறது?"

"பெரும்பாலும் கவர்மெண்ட்டுதான்."

"அப்ப முடிஞ்சது."

பட்டறைக்காரர் சிரித்தார். "ஏனுங்க, இன்னிக்குப் புகைன்னு ஆரம்பிப்பானுங்க. நாளைக்கு மூச்சு விடறதுக்கு லைசென்ஸ் வாங்கோணும்பானுங்க. உள்ளே இழுக்க ஒண்ணு, வெளியே விட ஒண்ணு."

கடைக்காரர் வீட்டில் கன்னடம், கடையில் எல்லா மொழியும். "வெயில் ஏறட்டும் பிடி சார், விடுங்க," என்றார். "தண்ணி கீழே போகும், பெரிய மோட்டாரா போடுவாங்க. நமக்கு என்ன?"

நான் விடவில்லை. அப்பன் பாட்டன் வைத்ததைக் காப்பாற்றுவதுதானே நம் கட்சி, அப்படியானால் இது நம் விஷயம்தானே, தோழர்களிடம் ஏன் விட வேண்டும் என்றேன். புகையை விடுகிறவன் அதன் செலவையும் தானே ஏற்க வேண்டும் என்பது சொத்துரிமை அல்லவா என்றேன். நன்றாகத்தான் பேசினேன். அதற்குள் டீ வந்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் ஒருவரின் பேச்சை நிறுத்த வேண்டுமென்றால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். டீ சொல்லிவிடுவார்கள்.

விஷயம் தொழிற்சாலைக்குள்ளும் பரவியது. யூனியன் செயலாளர் என்னைத் தேடி உலைக்கே வந்தார். அவர்கள் பஸ் ஸ்டாண்டு அருகே அறிவியல் கூட்டம் நடத்துகிறார்களாம், நான் வந்து பெட்டியைப் பற்றிப் பேச வேண்டுமாம். போனேன். சிவப்புத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் நின்று பெட்டியை விளக்கினேன். கை தட்டினார்கள். ஜன்மத்தில் முதல் தடவையாகக் கிடைத்த கைதட்டல். அந்த மயக்கத்தில், இதற்கு ஒரு அமைச்சகமும் ஆயிரம் பர்மிட்டும் தீர்வாகாது, விலையை ஏற்றினால் மனிதன் தானாகக் குறைப்பான் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"சார், வியாதியை மட்டும் நீங்க சொல்லுங்க," என்றார் பிறகு. "மருந்தை நாங்க சொல்லிக்கிறோம்."

சிவப்புத் துணிக்குப் பின்னால் நான் நின்ற செய்தி, நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் மாமாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த மாசியில் மனைவி மாவடு கேட்டாள் என்று ஒரு லீவு நாளில் பஸ் பிடித்துத் தோப்புக்குப் போனேன். வாசலில் முன்பின் தெரியாத ஒரு ஆள், கீற்றுக் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருங்க நீங்க? உள்ளே போகக் கூடாதுங்க."

"என் மாமனார் தோப்புப்பா இது."

"இருக்கலாங்க. காய் இப்ப எங்க மொதலாளிது. பூவிலேயே பேசிட்டாங்க."

"இந்த வருஷமா?"

"மூணு வருசமா நாங்கதாங்க எடுக்கறோம். எங்க மொதலாளிதான் பாவம், போன ரெண்டு வருசமும் கையைச் சுட்டுக்கிட்டாரு. இந்த வருசம் பிடிச்சுடலாம்னு இருக்காரு."

மாவடு வாங்காமல் திரும்பினேன். நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தோப்பைப் பூவிலேயே குடுத்துட்டீங்களாமே மாமா."

"ஆமாம்." பேப்பர் இறங்கவில்லை.

"மூணு வருஷமா."

"மார்கழிப் பனி முன்னே மாதிரி இல்ல மாப்ளே. பூ ஒரே தடவையா வராம தவணையிலே வருது. பிஞ்சு பிடிக்கறதுக்குள்ளே வெயில் கருக்குது. நின்னு பாத்துக்கிட்டு இருக்க எனக்கென்ன பைத்தியமா?"

"நான் கூட்டத்திலே சொன்னதும் அதைத்தானே?"

"நீங்க சொன்னது அரசியல். நான் செஞ்சது வியாபாரம்."

"வியாபாரிகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவன் கேக்கலை."

மூன்று வருஷத்துப் பூவை வைத்து உலகத்தின் சூட்டை அளக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பக்கத்து மலைகளில் மரம் வெட்டியதும் கல் உடைத்ததும் காரணமாக இருக்கலாம், மூன்றும் வெறும் மோசமான வருஷங்களாகவும் இருக்கலாம். என் பத்திரிகையிலும் அப்படித்தான் எச்சரித்திருந்தார்கள். ஆனால் எனக்கு வலித்தது அது இல்லை. அந்த மாடியில் உட்கார்ந்திருந்த எல்லோரையும்விட உறுதியாக மாமா அதை நம்பினார். நான் நம்பி ஒரு கூட்டத்தில் பேசினேன். அவர் நம்பித் தோப்பையே கை மாற்றிவிட்டார். பயத்தையும் சேர்த்து விற்றுவிட்ட நிம்மதியில், அது பொய் என்று மாடியில் சொல்ல அவருக்கு வசதியாக இருந்தது.

அதை அப்படியே சொன்னேன். பேப்பர் இறங்கியது.

"டேய்," என்றார். இருபது வருஷத்துக்குப் பிறகு கேட்ட "டேய்". "நான் பூவிலே விக்கிறேன்னு ஊருக்குத் தெரிஞ்சா என் பேச்சை எவன் கேப்பான்? நீ சொல்றதை ஒத்துக்கிட்டா, அடுத்து மரம் வெட்ட பர்மிட், கிணறு தோண்ட பர்மிட், மறுபடி தாலுகா ஆபீஸ் வாசல்லே நிக்கணும். நீ பட்டது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அதுதான் சிக்கல். அவர் பயந்தது எனக்கும் பயம்தான்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஞாயித்துக்கிழமை வாங்க மாப்ளே. விசாரிச்சுப் பாத்தேன், அதெல்லாம் வீண் பீதின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்தை. வார்டு உங்களுக்குத்தான். இல்லேன்னா என்னாலே அவங்களைச் சமாளிக்க முடியாது."

ஒரு வார்த்தை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை அடுக்கினால் அந்த மாடிப்படி உயரம் வரும். இன்னொன்று சொல்வதில் என்ன நஷ்டம் என்று மனைவியும் கேட்டாள். சட்டைகள் தைத்து வந்திருந்தன. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேதான் படியேறினேன்.

கடைக்காரர் ஆரம்பித்து வைத்தார். "என்னா சார், அந்த வெயில் கதை என்னாச்சு? விசாரிச்சீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா ஜன்னலைப் பார்த்தார். வாய் திறந்தேன். மனப்பாடம் செய்தது வரவில்லை.

"விசாரிச்சேன்," என்றேன். "நிஜந்தான்."

வீரம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை ஷிப்டில் அந்த முள்ளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மாமா படிப்பக்கம் திரும்பி, "டீ சொல்லுப்பா," என்றார்.

பம்ப்செட் கடைக்காரர் வேட்பாளர் ஆனார். தெருவுக்குத் தெரு ஆழ்துளைக் கிணறு என்பது வாக்குறுதி. நோட்டீசுக்கு நல்ல தமிழ் எழுத ஆள் இல்லாததால் என்னிடமே வந்தார்கள். உறவு விட்டுப்போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். "நிலத்தடியின் கடைசிச் சொட்டு வரை உங்களுக்காக" என்று முடித்தேன். குத்தலாகத்தான் எழுதினேன். யாருக்காவது உறைத்து, கிழித்துப் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சுவர் சுவராக எழுதினார்கள். ஜெயித்தார்.

நானும் அவருக்குத்தான் போட்டேன். மற்ற மூன்று பேரில் இருவர், மோட்டாரை அரசாங்கமே இலவசமாகத் தர வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஆள் தோழர்களின் ஆள். அவருடைய நோட்டீசை இரண்டு தடவை படித்தேன். வெயிலைப் பற்றியோ புகையைப் பற்றியோ ஒரு வரி இல்லை. யூனியன் செயலாளரைக் கேட்டேன்.

"அதெல்லாம் ஓட்டு வாங்காது சார்," என்றார்.

வாக்குச்சாவடிக்கு வெளியே வேப்பமர நிழலில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "போட்டாச்சா மாப்ளே?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். என்ன புழுக்கம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.