கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த விடை

பரீட்சையில் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்த்த பையன்களை வெளியே அனுப்பிய கணக்கு வாத்தியார் நான். ஓய்வு பெற்ற பிறகு, என் மனைவிக்கே விடை சொல்லிக்கொடுத்தேன்.

அவளுக்கு மறதி தொடங்கியிருந்தது. ஒருநாள் மீனே போடாமல் மீன் குழம்பு வைத்தாள். நானும் முள்ளெடுப்பது போல நடித்துச் சாப்பிட்டேன். டாக்டரிடம் போனால் சில கேள்விகள் கேட்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு அதே சோதனை நடந்திருந்ததால் கேள்விகள் எனக்குத் தெரியும். அவள் பெயிலாகிவிடக் கூடாதே என்று டவுன் பஸ்ஸில் விடைகளை வரிசையாகச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தேன். முதலில் கிழமை, அடுத்தது ஊர். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள்.

"வயசுக்கு வர்ற மறதிதான், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டரம்மா. அவளுக்குப் பரிசாக முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஆறு மாதத்தில் மறதி முற்றியது. மறுபடி போனபோது மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஞாபகத்துக்கான பகுதி சுருங்கியிருந்தது.

"போன தடவை வாங்கின மார்க்குக்கும் இந்தப் படத்துக்கும் பொருந்தலியே சார்" என்றார் டாக்டரம்மா. மறதியில் பல வகை உண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வகை மறதியுள்ள எலிக்குக் கேட்கும் மருந்து இன்னொரு வகை எலிக்குக் கேட்காதாம். மனிதர்களுக்கும் அப்படித்தான், அவரவர் படத்தையும் சோதனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். எலியைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, ஏறி நிற்கும் திட்டு எங்கே என்று நினைவிருக்கிறதா பார்ப்பார்களாம்.

"பெயிலான எலி முங்கிரும்லா?" என்றாள் மனைவி.

"தூக்கி விட்ருவாங்கம்மா. இது எந்த ஊரு?"

"புதன்கிழமை."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"தூத்துக்குடி."

நான் கனைத்தேன். அவள் திரும்பினாள். "என்ன கனைக்கிய? நீங்க சொல்லித்தந்த வரிசையிலதான சொல்லுதேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மீனில்லாத குழம்பு வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"எலிக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்காரர் கிடையாது சார். அப்பவே தெரிஞ்சிருந்தா மருந்தை அப்பவே தொடங்கியிருப்பேன்" என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார்.

கதவுக்கு வெளியே நின்று அவள் தப்புத் தப்பாகச் சொல்வதைக் கேட்டேன். கடைசியாக, "வெளிய நிக்கிறது யாரும்மா?" என்ற கேள்வி. என் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

"காப்பியடிக்க விட்டு மாட்டின வாத்தியாரு" என்றாள்.

அவளுக்கேற்ற மாத்திரை அன்று இரவே தொடங்கியது. அந்த ஆறு மாதத்தை அவளிடமிருந்து எடுத்தவன் நான்தான்.