மைமூனா எழுதிய அறுபது சிங்கங்கள்

தட்டை மடியில் சாய்த்து, மூச்சை அடக்கி, கழுதைப் பிடரிமயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பில் கோடு போட்டு முடித்த பிறகுதான் மைமூனா மூச்சு விடுவாள். கூடவே ஒரு வசவும் வரும். மனிதர்களுக்கு அல்ல, கோட்டுக்கு. "போடி, கோணவாயி!"

ஸ்பெயின் நாட்டு மனிசெஸ் ஊரில் பிரபுக்கள் வீட்டுச் சின்னம் எழுத அவளை விட்டால் ஆளில்லை. காடியில் குழைத்த செஞ்சாந்தை முகர்ந்தே, "புளிப்பு பத்தலை" என்பாள். தட்டின் முன்பக்கம் பிரபுவுக்கு, பின்பக்கம் தனக்கு. அங்கே மனம்போல ஒரு கழுகைப் பறக்கவிடுவாள். "சாப்பிடுறவருக்கு முன்னாடி. கழுவுறவளுக்குப் பின்னாடி."

போன திங்கட்கிழமை சூளையைத் திறந்தார்கள். ரோஸ்மேரிப் புகை குடித்துக் கறுத்த தட்டுகளைத் துணியால் தேய்க்கத் தேய்க்கப் பொன் எழுந்தது. கோமகன் வீட்டுக் கல்யாணத்துக்கு அறுபது தட்டுகள், அறுபதிலும் சிங்கம். அவள் கணவன் சஹத் தேய்ப்பதைச் சட்டென்று நிறுத்தினான்.

"ஏ புள்ள, இந்தச் சிங்கம் எந்தப் பக்கம் பாக்குது?"

"வலப்பக்கம்."

"அவங்க கொடியில இடப்பக்கம்ல பாக்கும்!"

கோமகனின் காரியஸ்தர் முத்திரைக்கட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை அரக்கில் பதித்துப் பார்க்காமல், கட்டையில் இடம்வலம் மாற்றிச் செதுக்கியிருந்ததை அப்படியே எழுதிவிட்டாள். திரும்பி நிற்கும் சிங்கம் பிரபுக்களுக்குக் கோழைச் சிங்கம். கோமகன் வேண்டாம் என்றால், அவர் வீட்டுச் சின்னம் போட்ட தட்டை வேறு எவர் வாங்குவார்? மூன்று மாத உழைப்பு.

காரியஸ்தர் பெரெங்கேர் அன்று மாலையே வந்தார். ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தவர் முகம் சிவந்தது.

"என்னம்மா இது? எங்க ஐயா சிங்கம் யாருக்குப் பயந்து திரும்பி ஓடுது?"

மைமூனா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓடலைங்க. விருந்துல பொண்ணு வீட்டுச் சின்னமும் பக்கத்துல இருக்கும்ல? மாப்பிள்ளைது இடப்பக்கம், பொண்ணுது வலப்பக்கம். கல்யாணத்தன்னைக்கே பொண்டாட்டிக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாரா உங்க ஐயா?"

இரண்டு வீட்டுச் சின்னங்களையும் ஜோடி சேர்க்கும்போது, மாப்பிள்ளை வீட்டு விலங்கை மரியாதைக்காகப் பெண் பக்கம் திருப்புவது பிரபுக்கள் வழக்கம்தான். பெரெங்கேர் தாடியைத் தடவினார்.

"அட, ஆமாம்! பொண்ணு வீட்டுக்காரங்க மனசு குளிர்ந்துபோயிடும். அப்ப அவங்க தட்டையும் நீயே எழுதிடு. அதுவும் அறுபது."

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் சஹத் கேட்டான்.

"தெரிஞ்சேதான் திருப்பி எழுதுனியா?"

"வேலையப் பாருங்க மச்சான்."

மறுநாள் பெண் வீட்டு முத்திரைக்கட்டை வந்து சேர்ந்தது. வேட்டைநாய். சஹத் விறகெடுக்கப் போகும்வரை மைமூனா காத்திருந்தாள். ஈரக் களிமண்ணை ஓர் உருண்டை கிள்ளியெடுத்து, கட்டையை அதில் அழுத்தினாள். களிமண்ணில் விழுந்த நாய் இடப்பக்கம், சிங்கத்தைப் பார்த்து நின்றது. அதன் மூக்கில் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மூச்சை அடக்கினாள்.